மாமன் மச்சான் ஒப்பந்தமும் 19 விழுக்காடும்

நெய்வேலி நகரியக் குடியிருப்புகளில் நம் மக்கள் குடியேறியது யாருடைய தயவாலும் அல்ல. 1956இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனம் பொதுத்துறை என்பதால் அங்கே இடஒதுக்கீடு வந்தது. உள்ளூர் அளவில் ஆள் எடுக்கும் சி, டி பிரிவுப் பணிகளில் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 19 விழுக்காடு. சேரியிலிருந்து சுரங்கத்துக்கு நிரந்தர வேலைக்குப் போனவர்களுக்கு அந்தக் கணக்குதான் கதவைத் திறந்தது.

இன்று அதே சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஆயிரக்கணக்கானோர் ஒப்பந்தக் கூலிகள். 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையக் கொதிகலன் வெடித்தபோது செத்தவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். ஒப்பந்ததாரர் என்பவர் பல இடங்களில் ஒரு குடும்பம். அப்பா பெயரில் உரிமம், மகன் மேற்பார்வை, மைத்துனர் சம்பளக் கணக்கு. குடும்பமாகத் தொழில் செய்வது குற்றமல்ல. ஆனால் ஆள் எடுப்பதும் மாமன் மச்சான் வழியாகவே நடந்தால், சாதி விண்ணப்பம் போடாமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அங்கே 19 விழுக்காடு செல்லாது. நம் ஆட்களுக்கு வேலையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சாம்பல் அள்ளக் கூப்பிடுவார்கள். மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள்.

‘நீயும் எங்க வீட்டுப் பிள்ளை மாதிரிதான்’ என்பார்கள். பொங்கலுக்கு வேட்டி வரும். பி.எஃப். எண்ணைக் கேட்டால் முகம் மாறும். (வீட்டுப் பிள்ளைக்குப் பங்கு உண்டு, கூலிக்கு ரசீதுகூட இல்லை.)

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு இதை இன்னும் எளிதாக்கிவிட்டது. 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே ஒப்பந்ததாரர் உரிமம் எடுக்க வேண்டும். இப்போது அது 50. நூறு பேர் வேலையை அப்பா, மகன், மருமகள் என மூன்று பெயரில் பிரித்தால் மூவருமே வரம்புக்கு வெளியே. மின்விசையில் இயங்கும் கூடம் தொழிற்சாலை ஆவதற்கான எண்ணிக்கையும் 10இலிருந்து 20 ஆகிவிட்டது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்துக் கை வெந்த பெண்கள், 15 பேர் உள்ள குடும்பக் கொட்டகையில் இனி யாரிடம் பேசுவது?

நிறுவனத்திடம் நாம் கேட்பது பெரிதல்ல. ஒப்பந்தத் தொழிலாளர்களின் சாதிவாரிக் கணக்கையும், அவர்கள் செய்யும் வேலையின் வகையையும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். ஒரே குடும்பத்தார் வெவ்வேறு பெயர்களில் எடுக்கும் பணிகளை ஒன்றாகக் கூட்டிக் கணக்கிடும் நிபந்தனையை ஒப்பந்தப்புள்ளியிலேயே சேர்க்கட்டும்.

தொழிலாளர்களுக்கு ஒன்று. பி.எஃப். வரம்பு 20 பேர், இ.எஸ்.ஐ. வரம்பு 10 பேர் என்பது மாறவில்லை. நிலக்கரி நிறுவன ஒப்பந்தக் கூலிப் புகாரை மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்கும், முந்திரிக் கொட்டகைப் புகாரை மாநிலத் தொழிலாளர் துறைக்கும் எழுதுங்கள். ஐந்து பேராவது சேர்ந்து கையெழுத்திடுங்கள். தனி ஆளாகப் போனால் மறுநாள் வேலை இருக்காது.