கேரவன் ஜெனரேட்டருக்கு எந்த வயர்? தலைமை மின் ஆய்வாளருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைமை மின் ஆய்வாளர், தமிழ்நாடு அரசு.



படப்பிடிப்பு கேரவன், உணவு வண்டி, நடமாடும் மருத்துவ ஊர்தி ஆகியவற்றில் ஜெனரேட்டர் பொருத்தப்படும்போது இரண்டு மின்சுற்றுகள் அமைகின்றன. ஏசி, அடுப்பு, பிளக் பாயின்ட் ஆகியவை 230 வோல்ட்டில் ஓடும். விளக்கு, தண்ணீர் பம்ப், சிறு ஃப்ரிட்ஜ் போன்றவை பேட்டரியின் 12 வோல்ட்டில் ஓடும். இரண்டின் வயர்களும் பிளைவுட்டுக்கும் ஃபோமுக்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் செல்கின்றன. மெல்லிய வயர் அங்கே சூடாகி உறை கருகினால், உள்ளே ஓய்வெடுப்பவருக்குப் புகை வந்த பிறகே தெரியும். வெளியேற இருப்பதோ பெரும்பாலும் ஒரே கதவு.

மின்சாரச் சட்டம் 2003-இன் 162-ஆம் பிரிவின்படி மின் ஆய்வாளர்கள் நியமிக்கப்படுகிறார்கள். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2023-இல் புதிதாக வந்துள்ளன. இவ்வகை வண்டிகளுக்கான வயர் அளவுகளை, பட்டறை எலக்ட்ரீஷியன் படித்துப் பின்பற்றும்படி, தமிழில் ஒரே தாளாகத் துறை வெளியிட வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள். அத்தாளில் இடம்பெற வேண்டியவை பின்வருமாறு.

முதலில் மின்னோட்டம். 5 கேவிஏ ஜெனரேட்டர் 230 வோல்ட்டில் முழுச் சுமையில் தருவது சுமார் 21.7 ஆம்பியர். அதற்கு 25 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) பொருந்தும். சுமையின் மின்னோட்டத்தைவிட எம்சிபியின் அளவு குறையக் கூடாது; எம்சிபியின் அளவைவிட வயரின் தாங்குதிறன் குறையக் கூடாது. எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு 40 ஆம்பியர் எம்சிபி மாட்டினால், வயருக்கு இருந்த காவல் போய்விடும்.

அடுத்தது வெப்பம். பன்னாட்டு அட்டவணைகளின்படி, குழாய்க்குள் செல்லும் 4 சதுர மி.மீ. பிவிசி செம்பு வயர் 32 ஆம்பியர் தாங்கும். ஆனால் அது சுற்றுப்புறம் 30 டிகிரி செல்சியஸ் என்ற கணக்கு. வெயிலில் நிற்கும் வண்டியின் கூரைக்கடியில் 50 டிகிரி ஆகிவிட்டால் அதை 0.71-ஆல் பெருக்க வேண்டும். அப்போது மிஞ்சுவது சுமார் 22.7 ஆம்பியர், 25 ஆம்பியர் எம்சிபிக்கு அது போதாது. 6 சதுர மி.மீ. வயர் 41 ஆம்பியரிலிருந்து 29 ஆகக் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். ஜெனரேட்டர் அறையில் 60 டிகிரி என்றால் தாங்குதிறன் பாதியாகிவிடும்; அங்கே 10 சதுர மி.மீ. வேண்டும், அல்லது 90 டிகிரி தாங்கும் எக்ஸ்எல்பிஇ உறையுள்ள கேபிள் வேண்டும். ஒரே குழாயில் மூன்று சுற்றுகள் சென்றால் மேலும் 0.7-ஆல் பெருக்க வேண்டும். ஆகவே ஒரு வயர் செல்லும் வழியிலேயே மிகச் சூடான இடம் எதுவோ, அதை வைத்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

12 வோல்ட் பக்கத்தில் அளவை முடிவு செய்வது வோல்ட்டேஜ் இழப்பு. பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தூரத்தில் 20 ஆம்பியர் சுமை இருக்கிறது என்று கொள்வோம். போகவும் வரவும் 10 மீட்டர். 2.5 சதுர மி.மீ. வயரில் 1.6 வோல்ட், அதாவது சுமார் 13 சதவீதம், வழியிலேயே போய்விடும்; பம்ப் திணறும், விளக்கு மங்கும். 10 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும். பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு வயருக்கும் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும்.

அடுத்து, ஜெனரேட்டரின் இயல்பு. ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது மின்வாரிய இணைப்பு தருமளவு பெரும் மின்னோட்டத்தைச் சிறு ஜெனரேட்டர் தராது. சி வகை எம்சிபி உடனே விழுவதற்கு அதன் அளவைப் போல் 5 முதல் 10 மடங்கு மின்னோட்டம் தேவை. பி வகைக்கு 3 முதல் 5 மடங்கு போதும். எனவே பி வகையே ஏற்றது. அதுவும் போதுமா என்பதைத் தயாரிப்பாளர் தரும் விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மின்கசிவுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். ஜெனரேட்டரின் நியூட்ரல் வண்டியின் சேஸிஸோடு இணைக்கப்பட்டிருந்தால்தான், ஜெனரேட்டரில் ஓடும்போது சேஸிஸுக்குக் கசியும் மின்சாரத்தை ஆர்சிசிபி கண்டறியும். வெளி மின்சாரமும் எடுக்கும் வண்டியில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேண்டும்.

கடைசியாக, வயரின் வகை. வண்டியின் அதிர்வில் ஒற்றைக் கம்பி முறியும். பல இழைச் செம்பு வயரே ஏற்றது. முனைகளில் லக் வைத்து கிரிம்ப் செய்ய வேண்டும். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். 16 சதுர மி.மீ. வரை எர்த் வயரும் பேஸ் வயரின் அளவிலேயே இருக்க வேண்டும்.

இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவரத் துறை செய்ய வேண்டியவை மூன்று. மேற்சொன்ன கணக்குகளை அட்டவணையாக வெளியிடுதல். ஒவ்வொரு சுற்றின் எம்சிபி, வயர் அளவு, நீளம் ஆகியவற்றை டிபி (மின்பகிர்வு) பெட்டியின் கதவில் எழுதி ஒட்டச் செய்தல். ஆய்வின்போது கதவில் ஒட்டிய தாளையும் உள்ளிருக்கும் வயரையும் ஒப்பிட்டுப் பார்த்தல்.

இப்படிக்கு,
ஊர்தி மின்பாதுகாப்பில் அக்கறை கொண்டோர்