எஞ்சின் இல்லாத போர் விமானம்

வேல்ஸின் கிரேட் ஓர்ம் குன்றில் ஜெட் போர் விமான மாதிரிகளைப் பறக்கவிடுகினம். எஞ்சினே இல்லை. கடற்காற்று குன்றில மோதி மேலெழும். அந்தக் காற்றில ஏறித்தான் அவை சத்தமில்லாமல் பறக்குது. கையில ஒரு ரிமோட் மட்டும்தான். 'பவர் ஸ்கேல் சோரிங்' எண்டு அதுக்குப் பெயர்.

வீடியோ பாத்த எங்களுக்கும் ஆசையாத்தான் இருந்தது. ஆனா எங்களில சிலர் 'கிபிர் வருது' எண்ட கத்தலோட பங்கருக்குள்ள ஓடினவை. மிச்சப் பேர் அதை அம்மா சொல்லிக் கேட்டவை.

விளையாடவேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்லை. பறக்கிற ஆசையில பிழையில்லை. செட்டையில இருக்கிற இலக்கம், நிறம் வரைக்கும் கவனமாச் செய்யினம். அந்த விமானங்களுக்குக் கீழ நிண்ட சனத்தையும் ஒருக்கா நினைக்கலாம்தானே?