சோதிக்காமல் சொல்லும் 'இல்லை'

மரபணு மாற்றுச் சோயாவைப் பயிரிட இந்தியாவில் அனுமதி இல்லை. ஆனால் 2017இல் குஜராத்தின் அரவல்லி மாவட்டத்தில் அது விளைந்திருந்தது தெரியவந்தது. வெளிக்கொணர்ந்தது கண்காணிப்புக்கென்று இருக்கும் அமைப்பு அல்ல. விவசாயச் சங்கம் ஒன்றின் புகார். அரசு தேடிக் கண்டுபிடித்ததல்ல என்பதே நம்மை உறுத்த வேண்டும்.

சோயா தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். அயல் மரபணு பெரும்பாலும் விதை வழியாகத்தான் பரவும். பழியைக் காற்றின்மீது போட்டுவிட முடியாது. விளைச்சலில் ஒரு பகுதியை அடுத்த பருவத்துக்கு எடுத்துவைக்கும் வழக்கம் உள்ள பயிர் இது. ஒருமுறை நுழைந்த கலப்பு ஆண்டுதோறும் பெருகும். எனவே சோதனை விதை மூட்டையில் தொடங்க வேண்டும். சுத்திகரித்த எண்ணெயில் மரபணுத் தடயம் ஏறக்குறைய மிஞ்சாது; அங்கே போய்த் தேடிப் பயனில்லை.

வழி இல்லாமலும் இல்லை. மரபணு மாற்றுச் சோயாவைக் களைக்கொல்லியைத் தாங்கவைக்கும் புரதம் இலையில் இருக்கிறதா என்பதைத் தாள்பட்டைச் சோதனை வரப்பிலேயே சில நிமிடங்களில் காட்டிவிடும். உறுதிப்படுத்த, மரபணுத் துண்டைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனை இருக்கிறது. அதையும் அரைகுறையாகச் செய்யக் கூடாது. காலிஃபிளவர் மொசைக் வைரஸிலிருந்து பெற்ற '35எஸ்' மரபணுத் துண்டை மட்டும் தேடினால், அந்தத் துண்டே இல்லாத 'எம்ஓஎன் 89788' என்ற மரபணு மாற்றுச் சோயா வகை தப்பிவிடும்.

இறக்குமதியாகும் சோயா உள்ளிட்ட 24 உணவுப் பயிர்களுக்கு 2021 மார்ச் முதல் மரபணு மாற்றமற்றவை என்ற சான்று கட்டாயம். கலப்புக்கு வரம்பு 1 சதவீதம். துறைமுகத்தில் இவ்வளவு கறார் காட்டும் அரசு, உள்நாட்டு வயலில் கண்ணை மூடிக்கொள்வதை ஏற்க முடியாது. தண்டனையும் தளர்ந்திருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாண்டு வரை இருந்த சிறைத்தண்டனையை 2023ஆம் ஆண்டுத் திருத்தம் ரூ.15 லட்சம் வரையிலான அபராதமாக மாற்றிவிட்டது. கள்ள விதை வியாபாரிக்கு அது தொழிற்செலவு.

இழப்பு மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் சோயா பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு. மரபணு மாற்றமற்றது என்ற பெயரால்தான் இந்தியச் சோயாப் புண்ணாக்கு ஐரோப்பாவில் விலைபோகிறது. அங்கே கலப்பு 0.9 சதவீதத்தைத் தாண்டினாலே மரபணு மாற்றப்பட்டது என்று முத்திரை குத்தப்படும்.

மரபணு மாற்றுச் சோயா தீங்கானதா என்ற விவாதம் வேறு. தடை செய்துவிட்டு, அது மீறப்படுகிறதா என்று பாராமல் இருப்பது கடமை தவறுதல். அந்தக் குற்றம் மத்திய அரசையும் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவையும் சாரும். காரீஃப் விதைப்புக்கு முன் விதைகளைச் சோதித்து, முடிவுகளை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். வழக்கு விற்றவர்மீது பாய வேண்டும். அறியாமல் வாங்கி விதைத்த விவசாயிக்கு இழப்பீடு தர வேண்டும்.