பூர்த்தி செய்து அனுப்பவும்

உபாத்தியாயர்களுக்கு உபதேசம் செய்வதைப் போல் சுலபமான காரியம் நம் தேசத்தில் வேறொன்று இல்லை. மந்திரி செய்கிறார்; கலெக்டர் செய்கிறார்; தன் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறான் என்று தெரியாத தகப்பன்கூடச் செய்கிறான். அந்த உபதேசத்துக்கு இப்பொழுது 'ரிப்ளெக்டிவ் பிராக்டிஸ்' என்று ஒரு புதுப் பெயர் வந்திருக்கிறது. நடத்தி முடித்த பாடத்தைத் தாமே திரும்பிப் பார்த்து, எது பலித்தது, எது பலிக்கவில்லை, ஏன் பலிக்கவில்லை என்று யோசித்து, மறுநாள் பாடத்தைத் திருத்திக்கொள்வது என்று அதற்கு அர்த்தம். முக்கியமாக, இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர்கள் இதைச் செய்தே தீர வேண்டுமாம்.

வேண்டாம் என்று யார் சொன்னது? ராத்திரி கடையை அடைத்ததும் கல்லாவைக் கொட்டி எண்ணி, எந்தச் சரக்கு ஓடியது, எது தேங்கிக் கிடக்கிறது என்று பார்க்கிறாரே மளிகைக் கடை அண்ணாச்சி, அவர் செய்வதும் இதேதான். பார்க்காவிட்டால் முதலுக்கே மோசம் வந்துவிடும் என்பதால் பார்க்கிறார். அவருக்கு யாரும் படிவம் அச்சடித்துக் கொடுக்கவில்லை. வரி ஆபீசருக்குக் காட்டுகிற கணக்கு வேறு, தாம் பார்த்துக்கொள்கிற கணக்கு வேறு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது நிஜமோ பொய்யோ, நம் பள்ளிக்கூடங்களில் இன்று நடப்பது அதுதான்.

மண்ணூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். சுற்றிலும் தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ராயல் என்பீல்டு, நடுவில் பெயர் நினைவில் நிற்காத உதிரிபாகக் கம்பெனிகள். அவர் வகுப்பில் பாதிப் பேர் அந்த ஊர்ப் பிள்ளைகள். மீதிப் பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். இங்கிலீஷ் அங்கே இரண்டாவது பாஷையா, மூன்றாவது பாஷையா என்று நிச்சயமாய்ச் சொல்ல முடியாது. ஆனால், அது வராவிட்டால் என்ன ஆகும் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். கேட்டுக்கு உள்ளே ஒருவன் காண்டிராக்ட் கூலியாகவே இருந்துவிடுவதற்கும், கையில் அட்டையோடு நாலு பேரை வேலை வாங்குவதற்கும் நடுவே பல சமயம் நிற்பது அந்தப் பாஷைதான். 2014-இல் நோக்கியா ஆலையை மூடியபோது, அடுத்த இன்டர்வியூவில் வாய் திறக்கத் தெரிந்தவர்கள் பாடு கொஞ்சம் பரவாயில்லை என்று அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள்.

இந்த ஆசிரியைக்கு ஒரு நாள் ஒரு சந்தேகம் வந்தது. பாடம் முடிந்ததும், "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டால், வகுப்பு முழுதும் ஒரே குரலில், "யெஸ் மிஸ்!" என்கிறது. வருஷக்கணக்காக அப்படித்தான். அன்று அதே ராகத்தில், உங்கள் புஸ்தகங்களையெல்லாம் ஏரியில் போட்டுவிடலாமா என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். "யெஸ் மிஸ்!" என்றதாம் வகுப்பு. ஒடிசாப் பெண் ஒருத்தி மட்டும் புஸ்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாளாம்.

அன்று ராத்திரி அவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதி வைத்ததை எனக்குக் காட்டினார். கூட்டமாகப் பதில் வாங்குவதை நிறுத்த வேண்டும், கேள்வியைத் தாம் கேட்காமல் பிள்ளைகளைக் கேட்க வைக்க வேண்டும், அந்த ஒடிசாப் பெண்ணுக்கு எப்படிப் புரிந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று கோணல்மாணலாக ஒன்றரைப் பக்கம். ரிப்ளெக்ஷன் என்று ஒன்று உலகத்தில் உண்டென்றால் அதுதான் ஐயா, அந்த ஒன்றரைப் பக்கம்!

அதே வாரத்துக்கு அவர் மேலே அனுப்பிய படிவத்தையும் பார்த்தேன். அதற்கு இங்கிலீஷில் இரண்டு வரி: பாடம் திருப்திகரமாக நடந்தது, மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்.

"ஏம்மா இப்படி?" என்று கேட்டேன்.

"பின்னே என்ன சார், என் கிளாஸுக்கு ஒண்ணும் புரியலைன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா?" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வார்கள், படிவம் அச்சடிப்பவர்கள்? ஒருவர் தம் குறையைத் தாமே உணர்வது அந்தரங்கமான காரியம். அதைக் கையெழுத்தோடு, தேதியோடு, தம்மைத் தண்டிக்கக்கூடிய ஆபீசுக்கு நகல் எடுத்து அனுப்பச் சொல்லுகிறீர்கள். அதையும் இங்கிலீஷில் எழுதச் சொல்லுகிறீர்கள்! இங்கிலீஷில் தமக்குத் தடுமாற்றம் உண்டு என்பதுதானே பல உபாத்தியாயர்களின் முதல் குறை? அந்தக் குறையை அந்தப் பாஷையிலேயே எழுத உட்கார்ந்தால், வாக்கியம் தப்பில்லாமல் வருகிறதா என்ற கவலைதான் இருக்குமே தவிர, விஷயம் நிஜமா என்ற கவலை இருக்காது. மனப்பாடமாய்த் தெரிந்த இரண்டு வாக்கியங்களை எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். பொய் சொல்லுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

பெருந்தொகையாய்ப் பயிற்சி கொடுக்கிற ஆசை நமக்குப் புதிதல்ல. காமராஜர் முதன்மந்திரியாக இருந்த காலத்திலேயே சென்னை ராஜ்யத்தில், பிரிட்டிஷ் கவுன்சிலின் ஒத்தாசையோடு ஓர் இயக்கம் நடந்தது. சிலருக்குப் பயிற்சி கொடுப்பது, அவர்கள் போய்ப் பலருக்குக் கொடுப்பது, அந்தப் பலர் இன்னும் பலருக்குக் கொடுப்பது. 1962-இல் டி. ஏ. ஸ்மித் என்பவர் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 27,000 உபாத்தியாயர்கள் என்ற கணக்கு இருக்கிறது. அதற்கு வைத்த பெயர்தான் வேடிக்கை: 'மெட்ராஸ் ஸ்நோபால்'! உருள உருளப் பெருக்கும் பனியுருண்டையாம். பனியே விழாத ஊரில், சித்திரை வெயிலில் உருட்டினால் அது பெருக்குமா, உருகுமா? மேலே ஒருவர் சொன்னது நாலாவது கைக்கு வரும்போது சொட்டுச் சொட்டாகத்தானே வரும்? ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜரை, ஒரு மந்திரத்துக்காகத் திருக்கோஷ்டியூர் நம்பி 18 தடவை நடக்க வைத்தார் என்பது குருபரம்பரைக் கதை. நம்முடையவர்கள் இரண்டே நாளில், மத்தியானச் சாப்பாடு உட்பட, முடித்துவிடுகிறார்கள். 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை வருஷத்துக்குக் குறைந்தது 50 மணி நேரம் என்று வகுத்தது. அந்தக் கொள்கை வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை வேறு. ஆனால், மணியை எண்ணினால் புத்தியை எண்ணியதாகும் என்கிற நம்பிக்கை எல்லாத் தரப்பாருக்கும் பொதுவாக இருக்கிறது.

இதே மண்ணில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு, பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் ஒரு பரீட்சை செய்து பார்த்தார். இலக்கண அமைப்புகளை வரிசையாக ஒப்பிக்க வைப்பதை விட்டுவிட்டு, ரயில்வே கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டி எப்போது போய்ச் சேரும் என்று கேட்பது, ஊர்ப் படத்தைக் கொடுத்து வழி கேட்பது என்று பிள்ளைகளை யோசிக்க வைத்தார். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அட்டவணை அல்ல. பாடம் நடத்தியவர்கள் மற்றவர்கள் பார்க்க நடத்தினார்கள். பலிக்காததைப் பலிக்கவில்லை என்று உட்கார்ந்து பேசினார்கள். 1990-இல் அவர் எழுதிய கட்டுரையில், எல்லோருக்கும் உகந்த உத்தமமான முறை என்று ஒன்று கிடையாது, தாம் செய்வதில் உபாத்தியாயருக்கே ஒரு நம்பிக்கையும் உயிர்ப்பும் இருப்பதுதான் முக்கியம், இயந்திரம் போல் நடத்துவதுதான் சத்துரு என்றார்.

யாழ்ப்பாணத்துக் கதை இன்னும் உருக்கமானது. யுத்த காலம், காகிதத்துக்கே பஞ்சம். அங்கே பல்கலைக்கழகத்தில் இங்கிலீஷ் கற்பித்த சுரேஷ் கனகராஜா, அமெரிக்கப் பாட புஸ்தகம் ஒன்றை மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். வாயால் கேட்டபோது மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். புஸ்தகத்தின் ஓரங்களில் அவர்கள் கிறுக்கியிருந்ததைப் பார்த்தாரோ இல்லையோ, வேறோர் உலகமே தெரிந்தது: போராட்டச் சின்னங்கள், காதல், சினிமா. அச்சடித்த பாடத்துக்குப் பக்கத்திலேயே தங்கள் வாழ்க்கையைப் பிள்ளைகள் எழுதிவைத்திருந்தார்கள். 1993-இல் அவர் அதைக் கட்டுரையாக வெளியிட்டபோது, உலகத்து ஆங்கில வாத்தியார்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எந்தப் படிவத்தில், எந்தக் கட்டத்தில் ஐயா, 'புஸ்தகத்தின் ஓரம்' என்று ஒரு கேள்வி இருக்கிறது?

மண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டொயோட்டாக்காரர்கள் பிரபலப்படுத்திய வழக்கம் ஒன்று மோட்டார் உலகத்தில் உண்டு. வரிசையில் நிற்கும் தொழிலாளி கோளாறு ஒன்றைக் கண்டால் கயிற்றை இழுத்து ஓடும் வேலையை நிறுத்தலாம், மேற்பார்வையாளர் ஓடி வந்து, "என்ன?" என்று கேட்பார். தொழிற்சாலை சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. 2024-இல் அதே வட்டாரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வெளியில் நின்றார்கள். ஆனாலும், இயந்திரம் செய்கிறவனுக்காவது நிறுத்துவதற்கு ஒரு கயிறு உண்டு. மனுஷனை உருவாக்குகிறவருக்கு அது இல்லை. போர்ஷனை முடிக்க வேண்டும். படிவம் போய்ச் சேர வேண்டும்.

உபாத்தியாயர்களையும் நான் சும்மா விடுவதாயில்லை. "இருபது வருஷ சர்வீஸ், எங்களுக்குத் தெரியாததா?" என்று மீசையை முறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் வருஷத்துப் பாடக் குறிப்பையே தேதி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிற அவர்களால்தான் படிவம் வேண்டும் என்பவர்களின் வாதம் ஜெயிக்கிறது. சக உபாத்தியாயர் வகுப்பில் வந்து உட்கார்ந்தால் ஒற்றன் வந்த மாதிரி பதறுகிறவர்களும் உண்டு. அந்தப் பதற்றத்தை உண்டாக்கியது யார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

"படிவம் இல்லாவிட்டால் எப்படிச் சரிபார்ப்பது?" என்பார்கள். சரிபார்க்க வேண்டாம் என்கிறேன். வாரத்துக்கு ஒரு பீரியட் கொடுங்கள். இரண்டு பேர் ஒருவர் வகுப்பில் ஒருவர் உட்காரட்டும். பிறகு டீ குடித்துக்கொண்டே தமிழில் பேசட்டும். கையெழுத்து வேண்டாம், போட்டோ வேண்டாம், ஆபீசுக்கு நகல் வேண்டாம்.

ஐந்து வகுப்புக்கு இரண்டே உபாத்தியாயர்கள் இருக்கிற பள்ளிகள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே ஒருவர் இன்னொருவர் வகுப்பில் போய் உட்கார்ந்தால் இவர் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு மூன்றாவதாக ஓர் உபாத்தியாயர் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். படிவம் அச்சடிப்பது அதைவிட மலிவு என்பது எனக்கும் தெரியும். அந்தச் சம்பளக் கணக்கைப் பற்றி யாராவது பேச முன்வந்தால், மேற்கொண்டு எழுத நான் தயார்.