இனித்தது எவருடைய காலம்?

"வெள்ளைக்காரத் துரை காலம் நல்ல காலம்" என்று மாத்தளைத் தோட்டங்களின் முதியவர்கள் சிலர் இன்றும் பெருமூச்சு விடுகின்றனர். அந்தப் பெருமூச்சை நாம் எள்ளி நகையாடோம். ஆனால் அதையே சாட்சியாக நிறுத்தி, துரைமார் ஆட்சிக்குப் புகழ்மாலை தொடுக்கும் படித்தவர்களை வாளாவிருந்து பார்க்கவும் மாட்டோம்.

மலையுச்சிப் பங்களாவைச் சுற்றித் துரை தன் இங்கிலாந்துக் கிராமத்தை நட்டு வைத்தான். ரோஜாப் பாத்தியும் புல்வெளியும் கணப்படுப்பும் அவனுக்கு வேண்டியிருந்தன. ஊர் திரும்பியபின் அவன் எழுதிய நினைவுகளில் மூடுபனி உண்டு; விசுவாசமுள்ள வேலைக்காரன் உண்டு. லயத்தின் வாழ்வு எங்கே?

விடியுமுன் தப்பு முழங்கும். ரொட்டியும் சம்பலும் பாதி வயிற்றில், பிள்ளை பிள்ளைக்காம்பராவில், தாய் பெரட்டுக்களத்தில். பிந்தினால் வேலையில்லை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மாலையில் ஒற்றைக் காம்பராவில் புகையோடு ஒரு குடும்பம். மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தவர்களின் சந்ததி அது. வழிச்செலவே கடனாயிற்று. அந்தக் கடனை எழுதிய 'துண்டு' இன்றி வேறு தோட்டம் போக முடியாது. 1921இல்தான் அம்முறை சட்டப்படி ஒழிந்தது. இதுவா பொற்காலம்?

பின் ஏன் இனிக்கிறது? பின்னால் வந்தது அதனினும் கசந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைக்கணக்கில் பங்கிட்டது. ஒரே லயத்து உறவுகள் கடலால் பிரிந்தன. 1983 ஜூலையில் மாத்தளைக் கடைவீதி எரிந்தது. இக்கொடுமைகளைச் செய்தவர்கள் சுதேசிகளே. ஆனால் நிலமும் முகவரியும் இல்லாத மக்களாக அவர்களை வைத்துச் சென்றவன் எவன்? துரையின் கணக்கேட்டில் அவர்கள் கூலிகள், குடிகள் அல்லர். அதே கண்ணோடுதான் 1948இன் ஆட்சியாளரும் அவர்களைப் பார்த்தனர்.

இன்னொன்றும் உண்டு. முதியவர்களின் நினைவில் உண்மையாக இனிப்பது எது? மாசியில் ஆடிய காமன் கூத்து. மாத்தளை முத்துமாரியம்மனின் மாசிமகத் தேர். அடுப்பு அணைந்த வீட்டுக்கு அடுத்த காம்பரா கொடுத்த நெருப்பு. பிரசவ இரவில் ஓடிவந்த அண்டை வீட்டு அக்கா. இவற்றில் எதைத் துரை கொடுத்தான்? உழைப்பாளி தானே படைத்துக்கொண்ட இனிமைக்குச் சுரண்டியவன் உரிமை கொண்டாடலாமா?

ஆசிரியர்களே, மாணவர்களே! 2003இன் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்கும் குடியுரிமை தந்தது. 2023இல் மலையகத்தார் தம் வருகையின் இருநூறாண்டை நினைவுகூர்ந்தனர். ஆயினும் லயங்கள் நிற்கின்றன. காணியுறுதி இல்லாத குடும்பங்கள் எத்தனையோ. அந்தப் பாட்டியிடம் போய் உட்காருங்கள். 'துரை நல்லவரா?' என்று கேட்காதீர்கள். 'அன்று என்ன சாப்பிட்டீர்கள்? எவ்வளவு பேர் விழுந்தது?' என்று கேட்டு எழுதுங்கள். பொற்காலக் கதை அந்த இரண்டு கேள்விகளுக்குமுன் நிற்காது.