பதிவுத் தாளில் ஒரு பள்ளம்

காவலூர் வானாய்வகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் ஆசிரியர்கள் பெரும்பாலும் அங்கிருக்கும் பெரிய தொலைநோக்கியைத்தான் காட்டுகிறார்கள். 2.34 மீட்டர் கண்ணாடி, 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தது, வானியலாளர் வேணு பாப்புவின் பெயர் தாங்கியது. பிள்ளைகள் இவற்றைக் குறித்துக்கொண்டு வந்து கட்டுரைப் போட்டியில் எழுதுகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் அதே வளாகத்தில் அதைவிடச் சிறிய, பழைய தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அறிவியல் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சாட்சி ஜவ்வாது மலையில் வேறில்லை. அதன் கதையைச் சொல்லாமல் பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டு, நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானமும் தென்வானமும் ஒருசேரக் கிடைக்கும் வசதி. இந்த இரண்டுக்காகவும் வேணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு இங்கே வேலை தொடங்கியது. நாம் சொல்லும் 1 மீட்டர் தொலைநோக்கி ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் சைஸ் நிறுவனம் செய்தது. 1972இல் வந்து சேர்ந்தது.

1977 மார்ச் 10. யுரேனஸ் கோள் அன்றிரவு ஒரு மங்கலான நட்சத்திரத்தின் குறுக்கே கடக்கும் என்று முன்பே கணக்கிட்டிருந்தார்கள். மறையும்போது நட்சத்திரத்தின் ஒளி எப்படிக் குறைகிறது என்று அளந்தால் கோளின் அளவையும் அதன் காற்றுமண்டலத்தையும் பற்றித் தெரிந்துகொள்ளலாம். அதற்காக அமெரிக்கர்கள் விமானத்தில் தொலைநோக்கியை ஏற்றிக்கொண்டு இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே பறந்தார்கள். காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஒளிமானியைப் பொருத்தி நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் பதிவுசெய்தார்கள். கோளின் வட்டிலிருந்து நட்சத்திரம் வெகுதொலைவில் இருக்கும்போதே, வெளிச்சம் சில நொடிகள் சட்டென்று சரிந்து மீண்டது. பதிவில் ஒரு பள்ளம்.

அந்தப் பள்ளத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. மேகத் துணுக்கு, கருவிக் கோளாறு என்று சொல்லி ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை. யுரேனஸுக்கு இதுவரை தெரியாத துணைக்கோள் ஒன்று நட்சத்திரத்தை மறைத்திருக்க வேண்டும் என்று கருதி, 'நேச்சர்' இதழில் அப்படியே எழுதினார்கள். விமானத்திலிருந்து எடுத்த பதிவிலோ இதுபோன்ற பள்ளங்கள் பல இருந்தன. கோளுக்கு இந்தப் பக்கம் எந்தத் தொலைவில் பள்ளம் விழுந்ததோ, அந்தப் பக்கமும் ஏறக்குறைய அதே தொலைவில் விழுந்திருந்தது. துணைக்கோள்கள் அப்படி இரு பக்கமும் ஒத்து நிற்காது. கோளைச் சுற்றி வளையங்கள் இருந்தால்தான் அது சாத்தியம். காவலூர்க்காரர்கள் தங்கள் பதிவை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார்கள். அதே ஆண்டு, அதே 'நேச்சர்' இதழில், பட்டாச்சார்யாவும் பாப்புவும் யுரேனஸின் வளையங்களைப் பற்றி எழுதினார்கள். 1986 ஜனவரியில் வாயேஜர் 2 கோளை நெருங்கிச் சென்று அந்த வளையங்களைப் படம் பிடித்தது.

விளக்கம் மாறியது, பதிவு மாறவில்லை. துணைக்கோள் என்ற கருத்து போன பிறகும் அந்தச் சில நொடிப் பள்ளம் அப்படியேதான் இருந்தது. பள்ளத்தை உள்ளபடி பதிந்து வைத்ததால்தான் விளக்கத்தைத் திருத்த முடிந்தது. பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது இதைத்தான்.

காவலூரின் பெருமைகளில் இன்னொன்றையும் முழுசாகச் சொல்ல வேண்டும். 1972 ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைக் காவலூரிலும் ஜாவாவின் லெம்பாங்கிலும் அளந்தார்கள். கானிமீடுக்குக் காற்றுமண்டலம் உண்டு என்ற முடிவு வந்தது. பொதுஅறிவுப் புத்தகங்கள் அதோடு நிறுத்திவிடுகின்றன. 1979இல் வாயேஜர் 1 பார்த்தபோது, அவர்கள் கணித்த அளவுக்கு அங்கே காற்று இல்லை. இருந்தால் அதைவிடப் பல மடங்கு மெலிதாகத்தான் இருக்க முடியும் என்று தெரிந்தது. 1990களில் ஹபிள் தொலைநோக்கி அங்கே மிக மெல்லிய ஆக்ஸிஜன் இருப்பதைக் கண்டது. இந்தப் பிற்பகுதியைச் சொல்வதால் காவலூரின் மதிப்பு குறைந்துவிடாது. முன்பகுதியை மட்டும் சொன்னால் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு மார்க் கேள்விக்கான விடை மட்டுமே.

நம் வகுப்பறைகளில் நடப்பது வேறு. பிளஸ் டூ செய்முறையில் என்ன உப்பு என்பதை முதலில் தெரிந்துகொண்டு, உற்றுநோக்கல் என்ற கட்டத்தைப் பின்னாலிருந்து நிரப்புகிறார்கள். தனி ஊசலில் 9.8 வரும்படி ரீடிங்கைத் திருத்துகிறார்கள். ரெக்கார்டு நோட்டு அண்ணனிடமிருந்து தம்பிக்கு வருகிறது. பிள்ளைகளைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் தரும் ஏற்பாடு, பள்ளத்தைக் கண்டவனை அதை அழித்துவிட்டு நேர்க்கோடு போடச் சொல்கிறது. 9.4 வந்த மாணவி 9.4 என்று எழுதி, ஏன் அப்படி வந்திருக்கும் என்று இரண்டு வரி சேர்த்தால் அவளுக்கே முழு மதிப்பெண் தர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கண்டதை உள்ளபடி பதிந்து பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. காவலூருக்கு மூதாதை கொடைக்கானல், கொடைக்கானலுக்கு மூதாதை நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகம். அங்கே உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தார். 1874 டிசம்பரில் சூரியனை வெள்ளி கடக்க இருந்தபோது, பொதுமக்களுக்கு அதை விளக்கும் சிறுநூலை இந்திய மொழிகள் பலவற்றில் வெளியிட்டார். பஞ்சாங்கக் கணக்கை வானத்தில் தெரிவதோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று வாதாடியவர் அவர். வாக்கியமா, திருக்கணிதமா என்று இன்றும் நம் வீடுகளில் நாள் பார்க்கும்போது எழும் பேச்சுக்குள் அந்த வாதம் இருக்கிறது.

வானத்தைப் பார்த்துப் பதியும் இந்தப் பழக்கத்தை இன்று தொடங்க, ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பள்ளிகளைவிடத் தகுந்த இடம் எது? மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகளில் மாணவர்கள் இரவும் அங்கேயே தங்குகிறார்கள். நகரத்துப் பள்ளிக்கு வாய்க்காத இருட்டு அவர்களுக்கு முற்றத்திலேயே கிடைக்கிறது. சிறிய தொலைநோக்கி ஒன்று இருந்தால், வியாழனையும் அதன் நான்கு துணைக்கோள்களையும் இரவுதோறும் புள்ளி வைத்து வரையலாம். கானிமீட் ஏழு நாளில் ஒரு சுற்று சுற்றிவிடும். எட்டாம் நாள் படத்தை முதல் நாள் படத்தோடு வைத்துப் பார்க்கட்டும்.

தொலைநோக்கி இல்லையா, ஒரு குச்சி போதும். முற்றத்தில் நேராக நட்டு, மிகக் குட்டையான நிழல் எப்போது விழுகிறது, எந்தப் பக்கம் விழுகிறது என்று வாரம் ஒருமுறை குறிக்கட்டும். இந்த மலையில் ஏப்ரல் 23ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20ஐ ஒட்டியும் குச்சியின் நிழல் அடியோடு மறையும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே சாயும். மற்ற மாதங்களில் வடக்கே. நிழல் மறையும் அந்த நாட்களிலும் கடிகாரத்தில் மணி பன்னிரண்டாக இருக்காது, பன்னிரண்டேகாலை ஒட்டி இருக்கும். ஏன் என்று ஆசிரியர் உடனே சொல்லிவிடக் கூடாது. இந்திய நேரம் எந்தத் தீர்க்கரேகையில் கணக்கிடப்படுகிறது என்று பிள்ளைகளே தேடி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு பருவமே ஆனாலும் அது வீணான பருவம் அல்ல.

அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை மாணவர் குறிப்பேடுகளுக்கு ஒதுக்குகிறோம். நாள், மணி, இடம், மேகம் இருந்ததா இல்லையா, கண்டது என்ன என்ற ஐந்தும் குறிப்பில் இருக்க வேண்டும். காரணம் தெரிந்தால் தனியே கீழே எழுதலாம், தெரியாவிட்டால் விட்டுவிடலாம். அடித்துத் திருத்திய தாளையும் அப்படியே அனுப்புங்கள். புத்தகத்தோடு ஒத்துவராத குறிப்புகளை முதலில் அச்சிடுவோம்.