பாரம்பரிய வீடுகளுக்குக் காப்பீடு: சதுர மீட்டரில் அடங்குமா கலை மதிப்பு?

புது தில்லி: வீட்டின் சுவரில் தொங்கும் ராஜா ரவிவர்மாவின் ஓவியத்துக்கு, அதன் கலை மதிப்பைக் கணக்கிட்டுக் காப்பீடு பெற முடியும். ஆனால், அந்த ஓவியத்தைத் தாங்கி நிற்கும் 200 ஆண்டு பழைமையான தேக்கு மரச் சுவருக்கு அதே சலுகை இல்லை. அது வெறும் கட்டடமாகவே கருதப்பட்டு, சதுர மீட்டர் கணக்கில் மதிப்பிடப்படுகிறது.

நாட்டில் நடைமுறையில் உள்ள வீட்டுக் காப்பீட்டு முறையின் இந்த முரண்பாடு, திருவனந்தபுரம் போன்ற பழைய தலைநகரங்களில்தான் கூர்மையாகத் தெரிகிறது. 1795-ல் பத்மநாபபுரத்திலிருந்து திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கு மாறியது முதல் எழுந்த மாளிகைகள், கோட்டைப் பகுதியில் தமிழ் பிராமணர்கள் வாழும் அக்ரஹாரங்கள், மாவட்டத்தின் உள்பகுதிகளில் உள்ள நாலுகட்டு வீடுகள் ஆகியவற்றில் கணிசமானவை இன்றும் தனியார் வசமே உள்ளன. ரவிவர்மா பிறந்த கிளிமானூர் அரண்மனை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. சுவாதித் திருநாள் மன்னர் கட்டிய குதிரை மாளிகையின் கூரையை, மரத்தில் செதுக்கப்பட்ட 122 குதிரைகள் தாங்குகின்றன. இத்தகைய வேலைப்பாடு எரிந்துபோனால், சிமென்ட் கட்டடத்துக்கான விலையில் அதை மீண்டும் உருவாக்க இயலாது.

தாங்கிக்கொள்ளும் அரசு: அரசுக் கட்டடங்களுக்கு இந்தச் சிக்கல் வேறு வகையானது. மத்திய அரசின் நிதி விதிகளின்படி, பொதுவாக அரசுச் சொத்துகள் காப்பீடு செய்யப்படுவதில்லை. இழப்பு நேர்ந்தால் கருவூலமே அதைத் தாங்கிக்கொள்ளும் என்பதே இதன் அடிப்படை. உலகின் பல அரசுகளும் இதே வழியைத்தான் பின்பற்றுகின்றன.

1992 நவம்பரில் பிரிட்டனின் விண்ட்சர் கோட்டை எரிந்தபோது அதற்குக் காப்பீடு இல்லை. 3.65 கோடி பவுண்ட் செலவைத் திரட்ட, பக்கிங்ஹாம் அரண்மனையைக் கட்டணம் வசூலித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டியிருந்தது. 2019-ல் பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் தீக்கிரையானபோது, உலகெங்கிலும் இருந்து 80 கோடி யூரோவுக்கு மேல் நன்கொடை குவிந்தது. 2018-ல் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது அத்தகைய அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

திருவனந்தபுரமும் தீயைக் கண்டிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 25-ம் தேதி தலைமைச் செயலக வளாகத்தில் நேரிட்ட தீ விபத்து பெரும் அரசியல் புயலைக் கிளப்பியது. தங்கக் கடத்தல் வழக்கு விசாரணை நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால், விவாதம் பெரும்பாலும் எரிந்த கோப்புகளைச் சுற்றியே அமைந்தது. 1869-ல் கட்டப்பட்ட தலைமைச் செயலகத்தின் பாதுகாப்பு பின்னுக்குத் தள்ளப்பட்டது.

அரசிடம் கருவூலம் இருக்கிறது; புகழ்பெற்ற தேவாலயத்துக்கு நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள். பாரம்பரிய வீட்டில் வசிக்கும் தனிக் குடும்பத்துக்கு இரண்டும் இல்லை. அதற்கு எஞ்சியிருப்பது காப்பீடு மட்டுமே.

பாலிசி சொல்வது என்ன?: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவின்படி 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி, சாதாரண வீடுகளுக்கு நல்ல முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, மரம் விழுதல் ஆகியவற்றால் ஏற்படும் சேதங்கள் இதில் அடங்கும்.

முந்தைய தீ காப்பீட்டுப் பாலிசிகளில், ரூ. 1 கோடி மதிப்புள்ள வீட்டை ரூ. 50 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், ரூ. 20 லட்சம் சேதத்துக்கு ரூ. 10 லட்சமே கிடைக்கும். குறைவாகக் காப்பீடு செய்ததற்கான இந்தப் பிடித்தம் புதிய பாலிசியில் கைவிடப்பட்டுள்ளது.

ஆனால் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. வீட்டின் உள்பரப்பை, சதுர மீட்டருக்கான கட்டுமானச் செலவால் பெருக்கி வருவதே காப்பீட்டுத் தொகை. உதாரணமாக, 300 சதுர மீட்டர் வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு ரூ. 20 ஆயிரம் என வைத்துக்கொண்டால் காப்பீட்டுத் தொகை ரூ. 60 லட்சம். அதே வீட்டைத் தேக்கு உத்தரங்கள், செதுக்கு வேலை, சுண்ணாம்புக் காரை ஆகியவற்றுடன் மீண்டும் எழுப்பச் சதுர மீட்டருக்கு ரூ. 60 ஆயிரம் ஆகுமெனில், தேவைப்படுவது ரூ. 1.80 கோடி. வீடு முழுவதும் எரிந்துபோனால் ரூ. 1.20 கோடி பள்ளத்தை உரிமையாளரே நிரப்ப வேண்டும்.

நகைகள், ஓவியங்கள், கலைப்பொருள்கள் ஆகியவற்றுக்கு மட்டும், இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் காப்பீடு பெற இந்தப் பாலிசியில் வழி உண்டு. சந்தை மதிப்பைக் கணிக்க இயலாத கலைப்பொருள்கள், கையெழுத்துப் பிரதிகள் போன்றவற்றுக்குப் பழைய தீ காப்பீட்டு விதிகளும் இச்சலுகையை அளித்திருந்தன. கட்டடமே கலைப்பொருளாக இருக்கக்கூடும் என்பதை அன்றைய விதிகளும் கருதவில்லை. இன்றைய விதிகளும் கருதவில்லை.

உரிமையாளர் கவனிக்க வேண்டியவை: இந்த நிலையிலும் உரிமையாளருக்குச் சில வழிகள் உள்ளன. கட்டுமானச் செலவை முதலில் தெரிவிப்பவர் உரிமையாளர்தான். பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பதில் அனுபவம் உள்ள கட்டடக் கலைஞரிடம் எழுத்துப்பூர்வ மதிப்பீடு பெற்று, அதையே காப்பீட்டு நிறுவனத்திடம் அளித்து, ஒப்புதலையும் எழுத்தில் பெறலாம். பிரீமியம் கூடும், ஆனால் இழப்பீட்டின்போது வழக்காடும் நிலை குறையும். ஒவ்வொரு அறையின் புகைப்படம், அளவு, மர வகை ஆகியவற்றைப் பதிவு செய்து வேறு இடத்தில் பாதுகாப்பது அதைவிட முக்கியம்.

வீட்டின் பயன்பாட்டை மறைப்பது ஆபத்தானது. பாரம்பரிய வீடு சுற்றுலாப் பயணிகளின் தங்குமிடமாகவோ, திரைப்படப் படப்பிடிப்புக்கோ வாடகைக்கு விடப்பட்டு, அது தெரிவிக்கப்படாமல் இருந்தால், இழப்பீடு மறுக்கப்படலாம். வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் பூட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கும் இதே நிலைதான். நிலையான தீ காப்பீட்டுப் பாலிசியில், நிறுவனத்தின் ஒப்புதலின்றி 30 நாள்களுக்கு மேல் கட்டடம் ஆளின்றிக் கிடந்தால் பாதுகாப்பு விலகிவிடும் என்ற நிபந்தனை உண்டு. கரையான் அரிப்பு, நாள்பட்ட சிதைவு ஆகியவற்றுக்கு இழப்பீடு கிடையாது. கேரளத்தின் மர வீடுகளுக்குத் தீயைவிட அன்றாட எதிரி கரையான்தான்.

பலர் கையில் ஒரு வீடு: கேரளத்துக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. 1975-ம் ஆண்டின் கூட்டுக் குடும்ப முறை ஒழிப்புச் சட்டம், தறவாட்டுச் சொத்துகளை உறுப்பினர்களின் தனித்தனிப் பங்குகளாக மாற்றியது. ஒரே வீட்டுக்கு இன்று பல வாரிசுகள். சொத்தில் தமக்குள்ள பங்கின் அளவுக்கே ஒருவர் இழப்பீடு கோர முடியும் என்பதால், ஒருவர் பெயரில் மட்டும் பாலிசி எடுப்பது போதாது. அனைவரும் கையெழுத்திடத் தயாராக இல்லாத இடத்தில், பாலிசியும் இல்லை, பராமரிப்பும் இல்லை. இறுதியில் வீடு இடிக்கப்பட்டு, மரம் தனியாகவும் மனை தனியாகவும் விற்கப்படுகிறது.

யார் பொறுப்பு?: அரசியல் சட்டத்தின்படி காப்பீடு மத்திய அரசின் பட்டியலில் உள்ளது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்படாத வரலாற்றுச் சின்னங்கள் மாநிலப் பட்டியலில் உள்ளன. பாரம்பரிய வீடு இந்த இரண்டுக்கும் இடையே சிக்கிக்கொள்கிறது. 'இடிக்காதே, உருவம் மாற்றாதே' என்று சொல்லும் அதிகாரம் மாநிலத்திடம் உள்ளது. இழந்ததை அதே உருவில் மீட்கப் பணம் கிடைக்கச் செய்யும் அதிகாரம் தில்லியிடம் உள்ளது. கட்டுப்பாட்டை விதிக்கும் அரசு அதற்கான செலவைக் கணக்கில் கொள்ளாவிட்டால், பாரம்பரியப் பட்டியலில் இடம்பெறுவதையே உரிமையாளர்கள் தண்டனையாகக் கருதுவார்கள்.

பட்டியலிடப்பட்ட கட்டடங்களுக்கெனத் தனிப் பாலிசிகள் பிரிட்டனில் நெடுங்காலமாக உள்ளன. இந்தியாவில் மத்திய அரசுக்குச் சொந்தமான பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நான்கு உள்ளன. மாநிலத் தொல்லியல் துறை சான்றளிக்கும் வீடுகளுக்கு, ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி வழங்க இந்த நிறுவனங்களைப் பணிக்கலாம். பிரீமியத்தில் ஒரு பகுதியை மாநில அரசு ஏற்கலாம். ஓவியத்துக்கு ஏற்கெனவே உள்ள விதியை, அது தொங்கும் சுவருக்கும் விரிவுபடுத்துவதே இதன் சாரம்.

தமிழகத்துக்கும் இதில் பங்கு உண்டு. மொழிவாரி எல்லைப் பிரிப்பின்போது 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. பத்மநாபபுரம் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே நீடிக்கிறது. அதைக் காக்கக் கேரள அரசு இருக்கிறது. ஆனால் அதே மரபில் எழுந்த நாஞ்சில் நாட்டு மர வீடுகளும், செட்டிநாட்டு மாளிகைகளும் வாரிசுகளின் கையில்தான் இருக்கின்றன. திருவனந்தபுரத்துக்குக் கிடைக்கும் தீர்வு இவற்றுக்கும் பொருந்தும் என்பதால், இக்கோரிக்கையை இரு மாநில எம்.பி.க்களும் நாடாளுமன்றத்தில் இணைந்தே எழுப்பலாம்.